சோடாபுட்டி கண்ணாடிக்கு விடை கொடுத்த மதுரை டாக்டர்: யார் இந்த கோ.வெங்கடசாமி? தேனிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கம்பம், சின்னமனூர், போடி பக்கம் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு தாத்தாவோ பாட்டியோ கட்டாயம் கண்ணில் படுவார்கள். மூக்கை அழுத்தும் கனமான கண்ணாடி, அதற்குப் பின்னால் பூதாகரமாகத் தெரியும் கண்கள். ஊரில் அதற்குப் பெயர் சோடாபுட்டி கண்ணாடி. கண்ணில் பொரை எடுத்தவர் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்றைக்கு அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதே அபூர்வம். பொரை ஆபரேஷன் செய்துகொண்டவர் மறுநாளே சாதாரண முகத்தோடு வீடு திரும்புகிறார். இந்த மாற்றத்துக்குக் காரணம், கண்ணுக்குள் வைக்கப்படும் சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன லென்ஸ். அந்த லென்ஸை மதுரையிலேயே கடைந்தெடுத்து, காசில்லாதவருக்கும் கிடைக்கச் செய்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. சுருக்கமாக, டாக்டர் வி.

யார் அவர்? விரல்கள் கோணிப்போன ஒருவர் எப்படி கண் அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார்? லென்ஸை இங்கேயே செய்ய வேண்டிய கட்டாயம் ஏன் வந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

மணலில் எழுதிப் படித்த சிறுவன்

1918 அக்டோபர் 1-ஆம் தேதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் வெங்கடசாமி. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேப்பரும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்.

சிறு வயதிலேயே உறவுப் பெண்கள் மூன்று பேரைப் பிரசவ காலத்தில் பறிகொடுத்தது அந்தக் குடும்பம். கிராமத்தில் டாக்டர் இல்லாததுதான் காரணம் என்பது அவருக்குப் புரிந்தது. பிரசவ டாக்டர் ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பட்டம், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் எம்.பி.பி.எஸ்., அடுத்து ராணுவத்தில் மருத்துவர் பணி என வாழ்க்கை நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கனவைக் கலைத்த முடக்குவாதம்

30 வயது நெருங்கும்போது கடுமையான முடக்குவாதம் வந்தது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் வளைந்தன. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். மாதக்கணக்கில் படுக்கை. பேனா பிடிப்பதே பெரும்பாடு. நிற்கவே முடியாதவர் பிரசவம் பார்ப்பது எப்படி? அந்தக் கனவு அதோடு முடிந்தது.

கொஞ்சம் தேறி எழுந்ததும் கண் மருத்துவத்துக்கு மாறினார். உட்கார்ந்து செய்யலாம், உடல் பலம் அதிகம் தேவைப்படாது என்பது ஒரு வசதி. ஆனால் மருத்துவத்திலேயே மிக நுணுக்கமான கைவேலை கேட்பது கண் அறுவை சிகிச்சை. இவருக்கோ விரல்கள் சொன்னபடி கேட்காது.

கையை மாற்ற முடியாது, கருவியை மாற்றலாமே என்று யோசித்தார். தன் வளைந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிப்பதற்கே மணிக்கணக்கில் பயிற்சி எடுத்தார். 1951-ல் கண் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தார். அந்தக் கைகளால் தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். எர்ஸ்கின் மருத்துவமனை என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அவருடைய களம். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், கிராமம் கிராமமாகப் போய் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

58 வயதில் 11 படுக்கைகள்

1976-ல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். தான் பின்பற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார்.

கட்டணம் செலுத்துபவர்களுக்குக் கொஞ்சம் படுக்கை, செலுத்த முடியாதவர்களுக்குக் கொஞ்சம் படுக்கை. முதல் வகையில் வரும் வருமானம் இரண்டாவது வகையின் செலவைத் தாங்க வேண்டும். இதுதான் கணக்கு. பணத்துக்கு வீடு அடமானம் போனது, குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே இதில் இறங்கியது.

தேனிக்கு வந்தது ஏன்?

மதுரைக்கு வெளியே அரவிந்த் தொடங்கிய முதல் கிளை தேனியில்தான், 1985-ல். தேனி அப்போது தனி மாவட்டம்கூட கிடையாது. மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடி.

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். கம்பத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று பஸ் நின்று நின்று போகும். கண் தெரியாத பெரியவர் தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தருக்குத் திராட்சைத் தோட்டத்திலோ, மலையில் ஏலக்காய்த் தோட்டத்திலோ கிடைக்கிற கூலி போய்விடும். ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் அங்கே போய்ச் சேருவது இலவசம் இல்லை. பலர் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அதனால்தான் மருத்துவமனை பள்ளத்தாக்கின் வாசலுக்கே வந்தது.

ஆபரேஷன் ஆச்சு, பார்வை வந்துச்சா?

இங்கேதான் சிக்கலே. பொரை என்பது கண்ணுக்கு மேலே வளர்வது இல்லை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் மங்கிப்போவது. பழைய முறையில் அந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்துவிடுவார்கள். லென்ஸ் இல்லாத கண்ணால் எதையும் தெளிவாகப் பார்க்க முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சோடாபுட்டி கண்ணாடி.

அந்தக் கண்ணாடியில் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும். படிக்கட்டு பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும், கால் வைத்தால் இருக்காது. பக்கவாட்டில் வருவது சரியாகத் தெரியாது. வரப்பில் நடப்பதும், மலைப்பாதையில் ஏறுவதும் ஆபத்து. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் என்றால் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் காட்டும். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், மறுபடியும் பார்வை இல்லாத நிலைதான்.

போர் விமானம் கொடுத்த யோசனை

இதற்குத் தீர்வு வெகுகாலத்துக்கு முன்பே லண்டனில் கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்ணுக்குள், உடைந்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் புகுந்தன. அவை உள்ளேயே கிடந்தும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை. இதைக் கவனித்த டாக்டர் ஹெரால்ட் ரிட்லி, அதே வகை பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

1980-களில் பணக்கார நாடுகளில் இது சாதாரண சிகிச்சை ஆகிவிட்டது. ஆனால் ஒரு லென்ஸின் விலை நூறு டாலர் அளவுக்கு இருந்தது. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, அங்கே கண்ணாடியே போதும் என்பது பல நிபுணர்களின் கருத்தாகவும் இருந்தது.

இந்தப் பிளவு அரவிந்த் மருத்துவமனைக்குள்ளேயும் வந்தது. காசு கொடுப்பவருக்கு லென்ஸ், இலவசமாக வருபவருக்குப் பெரும்பாலும் சோடாபுட்டி. அறுவை சிகிச்சை செய்வது அதே டாக்டர்கள்தான், நோயும் அதேதான், ஆனால் வீடு திரும்பும்போது கிடைக்கும் பார்வை வேறு. ஏழைக்கும் அதே தரம் என்று தொடங்கிய ஒரு மருத்துவமனைக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாகக் கொஞ்சம் லென்ஸ் வந்தது. ஆனால் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படும் ஒரு பொருளுக்கு நன்கொடையை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

வாங்க முடியாது என்றால், நாமே செய்வோம். அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் கிரீன், சேவா அறக்கட்டளை ஆகியோரின் துணையோடு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் மதுரைக்கு வந்தது. 1992-ல் ஆரோலேப் உற்பத்தியைத் தொடங்கியது.

லென்ஸ் எப்படி கடைகிறார்கள்?

லேத்துப் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். இரும்பைச் சுழல விட்டு, உளியை நெருக்கி வேண்டிய வடிவத்துக்குக் கடைவார்கள். கண் லென்ஸுக்கும் அடிப்படை அதேதான். ஆனால் துல்லியம் பல மடங்கு.

பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் செய்த, சட்டை பட்டன் மாதிரி ஒரு வில்லை இயந்திரத்தில் பொருத்தப்பட்டு வேகமாகச் சுழலும். அதன் மேல் வைர முனை கொண்ட வெட்டும் தலை ஒரு வட்ட வில் போல நகர்ந்து, மேற்பரப்பை வளைவாகச் சீவும். வளைவு அதிகமானால் பவர் அதிகம். வளைவு குறைந்தால் பவர் குறைவு.

எல்லாக் கண்ணுக்கும் ஒரே பவர் பொருந்தாது. கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அரை அரை பவர் வித்தியாசத்தில் பல அளவுகளில் லென்ஸ் வேண்டும். 20 பவர் லென்ஸுக்கும் 20.5 பவர் லென்ஸுக்கும் வளைவின் ஆரத்தில் இருக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே வெட்டும் தலையை ஒவ்வொரு பவருக்கும் தனித்தனியாக, நூலிழை பிசகாமல் நகர்த்தி அமைக்க வேண்டும். முனை கொஞ்சம் தள்ளி நின்றாலும் போச்சு. பவர் மாறிவிடும், அல்லது நடுவில் ஒரு சிறு மேடு நின்றுவிடும்.

கடைந்த பிறகு லென்ஸைக் கண்ணுக்குள் நிறுத்தும் இரண்டு மெல்லிய கைகள் வேண்டும். பிறகு மெருகேற்றல், கழுவுதல், உருப்பெருக்கியில் சோதனை, கிருமி நீக்கம். இத்தனையும் தாண்டி வந்தால்தான் அது பெட்டிக்குள் போகும். இந்த வேலையில் பெரும்பாலும் ஈடுபட்டது, பயிற்சி எடுத்துக்கொண்ட கிராமத்து இளம்பெண்கள்.

என்ன மாறியது?

நூறு டாலர் அளவில் இருந்த லென்ஸ், ஆரோலேப் வந்ததும் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. இலவசப் பிரிவில் வருபவருக்கும் லென்ஸ் வைப்பது சாத்தியமானது. மதுரையில் செய்த லென்ஸ்கள் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின. ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்ற வாதமும் எடுபடாமல் போனது.

விலை மட்டும் குறைந்தால் போதாது, வேகமும் வேண்டும். அரவிந்தில் அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் பாக்கி. ஒரே தரத்தில் எல்லா ஊரிலும் சாப்பாடு கொடுக்கும் மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பார்த்து, கண் சிகிச்சையையும் அப்படிக் கொடுக்க முடியாதா என்று டாக்டர் வி கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது பலரும் அறிந்த கதை.

கடைசி ஆண்டுகளில் மறுபடியும் தேனி

வயது 80-ஐத் தாண்டிய பிறகும் அவர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில்தான் தேனியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்கள் வந்தன. தேனி மருத்துவமனையில் இருக்கும் டாக்டர், கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியோடு திரை வழியாகப் பேசுவார். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்துக் கொடுத்த தொலைதூர வைஃபை இணைப்பு அதற்குப் பயன்பட்டது. வீடியோ காலில் டாக்டரைப் பார்ப்பது சகஜமாவதற்குப் பல வருஷம் முன்னாடியே இந்தப் பள்ளத்தாக்கு அதைப் பார்த்துவிட்டது.

2006 ஜூலை 7-ஆம் தேதி, 87-வது வயதில் டாக்டர் வெங்கடசாமி காலமானார்.

தன் கைக்குக் கருவி பொருந்தவில்லை என்றபோது அவர் கருவியை மாற்றினார். ஏழையின் பைக்கு லென்ஸின் விலை பொருந்தவில்லை என்றபோது, லென்ஸ் செய்யும் இடத்தையே மதுரைக்கு மாற்றினார். உங்கள் வீட்டில் பொரை ஆபரேஷன் முடித்த பெரியவர் யாராவது இருந்தால், அவர் முகத்தை ஒருமுறை பாருங்கள். அந்தக் கனமான கண்ணாடி இல்லையென்றால், கண்ணுக்குள் ஒரு சின்ன லென்ஸ் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.