மிகைல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி

மிகைல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி (ஜனவரி 2, 1862 - நவம்பர் 15, 1919) ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய மின்பொறியாளர் ஆவார். மும்முனை மின்சாரத்தில் இயங்கும் தூண்டல் மோட்டாரை 1889 ஆம் ஆண்டு உருவாக்கினார்.

வாழ்க்கை

சென் பீட்டர்ஸ்பேர்க் அருகிலுள்ள காட்சினாவில் பிறந்தார். ரீகாவில் பொறியியல் பயின்ற இவர், 1881 இல் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்த அடக்குமுறையில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கல்வியைத் தொடர்ந்து, 1887 இல் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் சேர்ந்தார். ஹைடல்பர்க்கில் காலமானார்.

பணிகள்

120 பாகை கட்ட வேறுபாடுள்ள மூன்று மின்னோட்டங்கள் சுழலும் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கின்றன. அப்புலம் கூண்டு வடிவச் சுழலியை இழுத்துச் செல்வதால் மோட்டார் தானே புறப்படுகிறது. 1891 இல் லாஃபனிலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு மும்முனை மின்சாரம் கொண்டுவரப்பட்டது. உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வந்து சேர்ந்தது. அங்கே இவரது 100 குதிரைத்திறன் மோட்டார் நீரேற்றிச் செயற்கை அருவி ஒன்றை ஓடச் செய்தது. மாறுமின்னோட்டத்தை நம்பாதோரின் ஐயம் இதனால் பெரிதும் நீங்கியது.

ஒருமுனை மின்சாரத்தில் பயன்பாடு

போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைச் சரிவுகள் போன்ற இடங்களில், ஒருமுனை இணைப்பு மட்டுமே உள்ள தோட்டத்தில் இம்மோட்டாரை நேரடியாக இயக்க இயலாது. ஒருமுனை மின்சாரம் துடிக்கும் புலத்தையே தரும். நின்றிருக்கும் மோட்டார் உறுமுமே அன்றிச் சுழலாது, சுருளும் கருகிவிடும். மூன்றாவது முனையை மின்தேக்கி (கண்டென்சர்) வழியாக இணைத்தால், கட்டம் விலகிய மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் சுழலும். 415 வோல்ட்டுக்கு நட்சத்திர இணைப்பில் அமைந்த மோட்டாரை, 230 வோல்ட்டில் இயக்க முக்கோண இணைப்புக்கு மாற்ற வேண்டும். அப்போதும் முழுத்திறன் கிடைக்காது. எனவே சுமையைக் குறைத்தே இயக்குதல் வேண்டும்.