போரின்றித் தளர்ந்த விலங்கு

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்று கடற்கோட்டையை நோக்குந்தோறும் என் நெஞ்சில் ஒரு வினா எழுவதுண்டு. பறங்கியர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையின் கதையை மாணவர்க்குச் சொல்லுகிறோம். ஆயின், இத்தீவுகளையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண நாட்டில் மனிதர் மனிதருக்கு உடைமையாயிருந்த கதையை ஏன் சொல்வதில்லை? சொல்லப் புகுந்தால் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் என்பாரை மறக்க இயலாது.

1775 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திற் பிறந்த இவர், சிறு பிராயத்திலேயே பெற்றோருடன் மதுரைக்கு வந்தார். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றார்; தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் கற்றார். பின்னர் ஐரோப்பாவிற் சட்டம் பயின்று, இலங்கைக்கு வந்து பிரதம நீதியரசராக உயர்ந்தார். நம் மொழி அறிந்த ஒருவர் நம் வழக்குகளைக் கேட்க அமர்ந்தமை சிறிய செய்தியன்று.

அந்நாளில் நம்மவரின் வழக்காறுகளுக்கு ஆதாரம் தேசவழமை. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த அதனை ஆங்கிலேயர் 1806 இல் உறுதிசெய்தனர். முதுசம், சீதனம், ஒற்றி என்பன பேசும் அந்நூல், அடிமைகளைப் பற்றியும் அதே அமைதியோடு பேசுகிறது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தொட்டிலிலேயே விலங்கு பூட்டப்பட்டது.

ஜோன்ஸ்டன் மேற்கொண்ட வழி நுட்பமானது. 1811 ஆம் ஆண்டுச் சாசனத்தின் மூலம் இந்நாட்டு மக்களுக்கு யூரிமாராய் அமரும் உரிமையைப் பெற்றுத் தந்தார். பிறருடைய உயிரையும் உரிமையையும் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்றவர், தம் வீட்டில் ஒரு மனிதரைப் பொருளாக வைத்திருத்தல் தகுமோ என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கும்படி செய்தார். யூரிமாராயிருந்த அடிமை உடையோர் பலர், 1816 ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உடன்பட்டனர். பதினான்கு வயது வரை அப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளிக்கவும் ஒப்பினர்.

குறை இல்லாமலில்லை. முன்பே அடிமையாயிருந்தவர் அடிமையாகவே இருந்தனர். 1821 இல் வந்த சட்டம், அதன்பின் பிறக்கும் பெண்மகவுகளை விடுவித்து அவ்வேரை அறுக்க முயன்றது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833 இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டமோ இலங்கையை விலக்கி வைத்தது. 1844 இலேதான் இத்தீவில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக முடிந்தது. அதனைக் கண்ட பின்னரே, 1849 இல், ஜோன்ஸ்டன் இலண்டனிற் காலமானார்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்ததும் அதே 1816 இலேயாம். அவர்களுடைய தாய்நாடு இதே கேள்வியால் வடக்கும் தெற்குமாய்ப் பிளந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த போரில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். லிங்கன் கொலையுண்டார். அவ்வளவு குருதிக்குப் பின்னரே அங்கு அரசியலமைப்பு அடிமைமுறையை ஒழித்தது.

இங்கே ஏன் ஒரு துளி குருதியும் சிந்தவில்லை? நம்மவர் நல்லவர் என்று மகிழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆட்சி அந்நியர் கையில் இருந்தது; எதிர்த்துப் படை திரட்ட எவரிடமும் வலி இல்லை. அதனினும் கசப்பான காரணம் ஒன்றுண்டு. சட்டம் போனபின்பும் காணியும் கிணறும் கோயிலும் பழைய கைகளிலேயே இருந்தன. உடையவர் இழந்தது சிறிது. ஆதலால் போரிடவேண்டிய தேவை எழவில்லை.

நன்னீர் அரிதாகிய எங்கள் தீவில், என் பாட்டனார் வீட்டுக் கிணற்றடியிற் சிலர் வெறுங்குடத்தோடு எட்டி நின்று, பிறர் அள்ளி வார்க்கும்வரை காத்திருப்பர். அடிமை ஒழிந்து நூறாண்டு கழிந்த காலம் அது. சிறுவனாகிய நான் நாள்தோறும் கண்டேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டிலேன். 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவின் முன் மக்கள் போராட நேர்ந்தது.

ஜோன்ஸ்டன் யூரி ஆசனத்தில் அமர்ந்தோரிடம் எதிர்பார்த்தது, தம் வீட்டைத் தாமே விசாரித்துக்கொள்ளும் துணிவையே. கிணற்றடியில் நான் கேளாது விட்ட கேள்வியை இன்று வகுப்பறையில் என் மாணவர் கேட்கும்போது, அவர் தொடங்கிய வழக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.