4 ஓட்டில் தோற்ற மசோதா: வில்பர்ஃபோர்ஸ் 20 வருஷம் போராடிய கதை

1796 மார்ச் 15, லண்டன். ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றி விற்கும் வணிகத்தைத் தடை செய்யும் மசோதா, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் மூன்றாவது வாசிப்புக்கு வந்தது. அந்தச் சபையில் ஒரு மசோதா தாண்ட வேண்டிய கடைசிக் கட்டம் அது. ஆதரவு 70, எதிர்ப்பு 74. மசோதா காலி.

சபையின் மொத்த பலம் 558. ஓட்டுப் போட்டது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பேர்தான். ஆதரவாளர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வரவே இல்லை. சிலர் ஊரில் இல்லை, சிலர் ஆபரா பார்க்கப் போயிருந்தார்கள். ஆபராவில் இருந்தவர்கள் வந்திருந்தாலே ஜெயித்திருக்கலாம் என்று மசோதாவைக் கொண்டுவந்தவர் தன் டைரியில் கசப்போடு எழுதிவைத்தார். அவர்தான் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ்.

யார் இவர்?

1759-ல் ஹல் என்ற துறைமுக நகரில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். குள்ளமான உருவம், அடிக்கடி படுத்துக்கொள்ளும் உடம்பு, ஆனால் சபையையே கட்டிப்போடும் குரல். 21 வயதிலேயே எம்.பி. ஆனார். அதற்கு 8,000 பவுண்டுக்கு மேல் செலவானதாகச் சொல்வார்கள். ஓட்டுக்குக் காசு அங்கேயும் அப்போ சகஜம்தான்! பிறகு தீவிர கிறிஸ்தவப் பற்று வந்தது, வாழ்க்கை மாறியது. 1787-ல் அடிமை வணிக ஒழிப்பைக் கையில் எடுத்தார். வெளியே ஆதாரம் திரட்டியவர் தாமஸ் கிளார்க்சன், சபைக்குள் பேசியவர் வில்பர்ஃபோர்ஸ்.

பிரதமர் வில்லியம் பிட் இவருடைய நெருங்கிய நண்பர், இந்த விஷயத்தில் ஆதரவாளரும்கூட. அப்புறம் ஏன் நிறைவேறல? அமைச்சரவைக்குள்ளேயே பிளவு இருந்ததால் இது அரசு மசோதாவாக வரவில்லை. அவரவர் விருப்பப்படி ஓட்டு. இன்றைய மாதிரி கட்சிக் கொறடா உத்தரவு எல்லாம் கிடையாது. கரீபியத் தோட்டங்களில் பணம் போட்டவர்களும், லிவர்பூல் போன்ற துறைமுகங்களின் பிரதிநிதிகளும் சபையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தவறாமல் வருவார்கள்.

ஓட்டெடுப்பு முறையும் வேற மாதிரி. ஒரு தரப்பு வெளியே லாபிக்குப் போகும், இன்னொரு தரப்பு உள்ளேயே நிற்கும், தலைகளை எண்ணுவார்கள். யார் எந்தப் பக்கம் என்ற பெயர்ப்பட்டியலைச் சபை அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியது 1836-ல்தான். வராமல் இருந்தவரை யாரும் கேள்வி கேட்க முடியாது.

1791-ல் 163-க்கு 88 என்று தோல்வி. 1792-ல் ஜெயித்தது, ஆனால் ‘படிப்படியாக’ என்ற ஒரே வார்த்தையை ஹென்றி டண்டாஸ் திருத்தமாகச் சொருகிவிட்டார். பிரபுக்கள் சபை அதையும் இழுத்தடித்தது. இந்த இடைவெளியில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேரை பிரிட்டிஷ் கப்பல்கள் ஏற்றிக்கொண்டிருந்தன. 1796-ல் அந்த நாலு ஓட்டு குறைந்ததன் விலை அதுதான்.

ரூட்டை மாற்றியவர்

உருப்படியான யோசனை வில்பர்ஃபோர்ஸின் மைத்துனரும் வழக்கறிஞருமான ஜேம்ஸ் ஸ்டீபனிடமிருந்து வந்தது. பிரான்சோடு போர் நடக்கும் நேரம். எதிரி நாட்டுக் காலனிகளுக்கு பிரிட்டிஷார் அடிமைகளை சப்ளை செய்யக் கூடாது என்று 1806-ல் ஒரு மசோதா, போர்க்கால நடவடிக்கை என்ற பெயரில். வில்பர்ஃபோர்ஸ் வேண்டுமென்றே அடக்கி வாசித்தார். மசோதா அலட்டல் இல்லாமல் நிறைவேறி, வணிகத்தின் பெரும்பகுதியை முடக்கியது. அறம் பேசித் தோற்ற இடத்தில் தந்திரம் ஜெயித்தது.

அதற்குள் பிட் இறந்து, கிரென்வில் பிரதமராகியிருந்தார். 1807-ல் முழுத் தடை மசோதாவை அவரே முதலில் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்து தாண்டவைத்தார். பிப்ரவரி 23 இரவு காமன்ஸில் ஓட்டெடுப்பு: ஆதரவு 283, எதிர்ப்பு வெறும் 16. விவாதத்தின்போது சபையே அவரைப் பாராட்ட, வில்பர்ஃபோர்ஸ் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார்.

தடையானது ஆள் வணிகம் மட்டும்தான், அடிமைமுறை அப்படியே நீடித்தது. அதை ஒழிக்கும் மசோதா 1833 ஜூலை 26-ல் காமன்ஸைத் தாண்டிய செய்தி படுக்கையில் கிடந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் இறந்தார். அந்தச் சட்டம் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தந்தது, விடுதலையானவர்களுக்குப் பைசா இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு அது பொருந்தவும் இல்லை. இந்தியாவில் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வர 1843 வரை ஆனது.