நூற்றுக்கு நாலணா: வள்ளல் டேவிட் ஸஸூன்

திருமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்குக் காணிக்கை புதிதன்று. இல்லத்தில் நோய் வந்தால் மஞ்சள் துணியில் காசு முடிந்து ஏழுமலையானை வேண்டுகிறோம். நம் தமிழ் வணிகரிடையே மகமை என்னும் வேறொரு வழக்கமும் உண்டு. நடக்கும் வாணிகத்திலெல்லாம் ஒரு சிறு பங்கை அறத்திற்கென ஒதுக்குவது அது. அத்தகைய வழக்கத்தைத் தம் மரபில் நின்று போற்றிய யூதப் பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

டேவிட் ஸஸூன் 1792-ஆம் ஆண்டில் பாக்தாத் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகர ஆளுநர்களின் தலைமைப் பொக்கிஷதாரர். பின்வந்த ஆளுநரின் கொடுமையால் ஊரை விட்டு வெளியேறிய டேவிட், பாரசீகக் கடற்கரையில் தங்கி, 1832-ல் பம்பாய் வந்து சேர்ந்தார். பருத்தி, துணி, அபினி வாணிகத்தால் பெருஞ்செல்வரானார். அபினி சீன மக்களைக் கெடுத்த பொருள் என்பதை மறைத்தல் முறையன்று.

ஈகையை யூதர் செதாக்கா என்பர். நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. கொடுப்பது இரக்கத்தினால் மட்டுமன்று, கடமையினால் என்பது கருத்து. ஆகவே ஸஸூனின் வாணிகத்தில் ஒவ்வொரு பேரத்திலும் நூற்றுக்குக் கால் பங்கு, அதாவது நூறு ரூபாய்க்கு நாலணா, தருமத்திற்கென எடுத்து வைக்கப்பட்டது. இலாபமா நட்டமா என்று பார்க்கவில்லை. மைந்தர் எண்மர், வாணிகம் பழகும்போதே அவர்கள் ஈகையும் பழகினர்.

பைகுல்லாவில் யூதர்க்குத் தொழுகைக்கூடம் எழுப்பினார். பூனாவில் எல்லா மதத்தினர்க்குமாக மருத்துவமனைக்குப் பொருள் வழங்கினார். அது முடிவுறுமுன் 1864-ல் மறைந்தார். 1867-ல் அது நிறைவுற்றது. பம்பாயில் அவர் பெயர் தாங்கும் நூலகம் 1870-ல் எழுந்தது. பேரர் ஜேக்கப், 1884-ல் தம் தந்தையார் நினைவாக மற்றுமொரு தொழுகைக்கூடம் அமைத்தார். அறிவியல் கல்விக்கும் பெரும்பொருள் அளித்தார். மூன்று தலைமுறை இவ்வாறு நடந்தது. அவ்வாணிகம் பிற்காலத்தில் மறைந்தது. பூனா மருத்துவமனையில் இன்றும் ஏழைகள் மருத்துவம் பெறுகின்றனர்.

ஸஸூன் பாக்தாத் உடையைக் கைவிடவில்லை. ஆங்கிலம் பேசப் பழகவுமில்லை. ஆயினும் தமக்கு வாழ்வளித்த ஊரை வேற்றூரென எண்ணவில்லை. பிழைப்பை நாடி இங்கு வந்துள்ள நாம் கருத வேண்டியது இதுவே.

வேண்டுதலுக்கு முடியும் காசைக் குழந்தைகள் என்றோ ஒரு நாள்தான் காண்பர். மாதந்தோறும் எடுத்து வைப்பதோ அவர்களுக்கு வழக்கமாகிவிடும். 40,000 ரூபாய் சம்பளத்தில் நூற்றுக்குக் கால் பங்கு என்பது 100 ரூபாய்தான். சம்பள நாளில் அதனைக் குழந்தையின் கையாலேயே உண்டியலில் இடச் செய்வோம். யாருக்குப் போகிறது என்பதையும் சொல்லி வைப்போம்.