6 முறை சாம்பியன்... ஆனா ‘ஹாட்ரிக்’ மட்டும் சிக்கல! யார் இந்த ‘கரடி’ பிரையன்ட்?

1980 நவம்பர் 1. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஜாக்சன் நகரம். தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோல்வியே பார்க்காத அலபாமா பல்கலைக்கழக அணி, மிசிசிப்பி ஸ்டேட் அணியிடம் 6-3 என்ற கணக்கில் தோற்றது. கடைசி நொடிகளில், கோல் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் பந்து கை நழுவிப்போனது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

மைதான ஓரத்தில் நின்ற 67 வயது பயிற்சியாளருக்கு அது வெறும் ஒரு தோல்வி இல்லை. 1978, 1979 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தேசிய சாம்பியன் ஆன அணி அது. மூன்றாவது பட்டமும் கிடைத்திருந்தால், அதுவரை பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் எந்த அணியும் செய்யாத சாதனையாக இருந்திருக்கும்.

அவர் பெயர் பால் பிரையன்ட். ஊரே கூப்பிட்டது ‘பியர்’ பிரையன்ட், அதாவது ‘கரடி’ பிரையன்ட் என்று. ஜெயித்துக்கொண்டே இருக்கும் ஒரு அணியால் எத்தனை காலம் அப்படியே இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு இவருடைய வாழ்க்கையை விடச் சரியான பாடம் கிடைப்பது கஷ்டம்.

கல்லூரி ஃபுட்பாலில் அப்படி என்ன இருக்கு?

முதலில் ஒரு விஷயம். இது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மோதித் தள்ளி முன்னேறும் அமெரிக்க ஃபுட்பால்.

ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள்தான். ஆனா கூட்டம் சாதாரணம் இல்லை. அலபாமா அணியின் இன்றைய சொந்த மைதானத்தில் மட்டும் சுமார் 1 லட்சம் பேர் உட்காரலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் மூன்று, நான்கு ஆண்டுகளில் படிப்பு முடிந்து கிளம்பிவிடுவார். அணியில் நிரந்தரமாக இருப்பவர் பயிற்சியாளர் மட்டுமே. அதனால் ஒவ்வொரு ஆண்டும் புது அணியைக் கட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரையன்ட் காலத்தில் சாம்பியனை முடிவு செய்ய இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காகப் பத்திரிகையாளர்கள் ஒரு பக்கம் ஓட்டு போடுவார்கள். யுனைடெட் பிரஸ் நிறுவனத்துக்காகப் பயிற்சியாளர்கள் இன்னொரு பக்கம் ஓட்டு போடுவார்கள். ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள் வருவதும் நடக்கும்.

கரடியோடு மல்லுக்கட்டிய பையன்

1913 செப்டம்பர் 11 அன்று, ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்டைஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கிராமத்தில் பிரையன்ட் பிறந்தார். 12 பிள்ளைகளில் 11-வது பிள்ளை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மா வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு போய் டவுனில் விற்பார். கூடவே போன பையனை டவுன் பசங்க கிண்டல் செய்வார்கள். அந்த வறுமைக்குத் திரும்பிப் போய்விடுவோமோ என்ற பயம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

13 வயதில் ஊருக்கு வந்த வித்தைக்காரர் ஒருவர், கரடியோடு மல்லுக்கு நின்றால் நிமிஷத்துக்கு 1 டாலர் தருவதாகச் சொன்னார். பையன் மேடை ஏறிவிட்டான். கரடியின் வாய்க்கட்டு அவிழ்ந்ததும் காதில் கடி வாங்கிக்கொண்டு குதித்து ஓடினான். காசு கைக்கு வரவில்லை. பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஃபுட்பால் அவரை அலபாமா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1935 ஜனவரியில் ரோஸ் பவுல் போட்டியில் ஸ்டான்ஃபோர்டை 29-13 என்று வீழ்த்திய அணியில் அவரும் ஒரு வீரர். அதே ஆண்டு டென்னசிக்கு எதிரான ஆட்டத்தில், காலெலும்பு முறிந்த நிலையிலும் இறங்கி ஆடினார்.

அடுத்தவர் சாதனையை உடைத்த கதை

இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் வேலை பார்த்த பிறகு, 1945-ல் மேரிலாந்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்த ஆண்டே கென்டக்கிக்கு மாறினார்.

1951 ஜனவரி 1 அன்று நடந்த ஷுகர் பவுல் போட்டியில், தொடர்ந்து 31 ஆட்டங்களில் ஜெயித்து வந்த ஓக்லஹோமா அணியை பிரையன்ட்டின் கென்டக்கி 13-7 என்று வீழ்த்தியது. அசைக்கவே முடியாது என்று நினைத்த அணி சரிவதை எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்து அதே நிலைமை தனக்கும் வரும் என்று அன்று அவருக்குத் தெரியாது.

1954-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் போனதும், மாணவர்களை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குப் பஸ்ஸில் ஏற்றிப்போனார். 10 நாள் கொளுத்தும் வெயிலில் பயிற்சி. நடுவில் தண்ணீர் கூடக் கிடையாது. போனவர்கள் சுமார் 100 பேர். கடைசி வரை நின்றவர்கள் ஏறக்குறைய 35 பேர். ஒரு வீரர் வெயில் தாக்கிச் சாவின் விளிம்புக்கே போய் வந்தார். வீர சாகசமாகப் பல காலம் பேசப்பட்ட இந்தச் சம்பவம், இன்றைய கணக்கில் மாணவர்களின் உயிரோடு விளையாடிய செயல்தான்.

அத்தனை கொடுமைக்கும் அந்த சீசனில் கிடைத்தது 1 வெற்றி, 9 தோல்வி. அவர் வாழ்க்கையில் தோல்விகள் அதிகமாக இருந்த ஒரே சீசன் அது. இரண்டே ஆண்டுகளில் அதே அணி தோல்வியே இல்லாமல் தன் லீகின் சாம்பியன் ஆனது.

அலபாமாவின் பொற்காலம்

1958-ல் படித்த கல்லூரியே கூப்பிட்டது. அதற்கு முந்தைய 3 சீசன்களில் அலபாமா ஜெயித்தது மொத்தமே 4 ஆட்டங்கள். முதல் ஆண்டிலேயே 5 வெற்றி. நான்காவது ஆண்டில், 1961-ல், 11 ஆட்டங்களிலும் வெற்றி. அந்த சீசன் முழுக்க எதிரணிகள் எடுத்த மொத்தப் புள்ளிகள் வெறும் 25. முதல் தேசியப் பட்டம் வந்தது.

1964, 1965 என அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள். 1966-ல் ஹாட்ரிக் வாய்ப்பு கையருகே வந்தது. வழக்கமான சீசனில் 10 ஆட்டம், 10 வெற்றி. நோட்ர டாம், மிச்சிகன் ஸ்டேட் அணிகள் தங்களுக்குள் 10-10 என்று டிரா செய்திருந்தன. ஆனாலும் ஓட்டு எண்ணியபோது அந்த இரண்டு அணிகளும் முதல் இரண்டு இடத்தில், அலபாமா மூன்றாவது இடத்தில்!

ஏன்? எதிரணிகளின் பலம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் அன்றிலிருந்து பேசப்படுகிறது. அலபாமா அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1963-ல் கறுப்பின மாணவர்கள் உள்ளே வரக்கூடாது என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்று மறித்தது இதே பல்கலைக்கழகத்தில்தான். தடையை மீறி மாணவர்கள் உள்ளே வந்தார்கள். ஃபுட்பால் அணியின் கதவு மட்டும் மூடியே இருந்தது.

42-21: கண்ணைத் திறந்த தோல்வி

அதற்குப் பிறகு அணி மெல்லச் சரிந்தது. 1969-ல் 6 வெற்றி, 5 தோல்வி. 1970-லும் கிட்டத்தட்ட அதே கதை. பிரையன்ட் காலம் முடிந்தது என்று பேச ஆரம்பித்தார்கள்.

1970 செப்டம்பர் 12. பர்மிங்காம் நகருக்கு வந்த தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி, அலபாமாவை 42-21 என்று நொறுக்கியது. சாம் கன்னிங்காம் என்ற கறுப்பின வீரர் 12 முறை பந்தோடு ஓடி 135 கஜம் முன்னேறினார். எதிரணியில் ஆடிய இன்னொரு கறுப்பின வீரர் கிளாரன்ஸ் டேவிஸ், அதே பர்மிங்காமில் பிறந்தவர். சொந்த ஊர்த் திறமை எதிரணி உடையில் வந்து ஜெயித்துவிட்டுப் போனது.

இந்த ஒரு ஆட்டம்தான் அலபாமாவை மாற்றியது என்று சொல்வது வழக்கம். முழு உண்மை அது இல்லை. கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை என்று 1969-லேயே கறுப்பின மாணவர் அமைப்பு பிரையன்ட் மீது வழக்குப் போட்டிருந்தது. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரும் அந்த ஆட்டத்துக்கு முன்பே உதவித்தொகையோடு சேர்ந்துவிட்டார். முதலாண்டு மாணவர்கள் ஆட முடியாது என்ற விதியால் களமிறங்கவில்லை, அவ்வளவுதான்.

தெற்கின் மிகச் செல்வாக்கான பயிற்சியாளர் நினைத்திருந்தால் இதை முன்பே செய்திருக்கலாமே என்ற கேள்வி இன்றும் அவர் பெயரோடு சேர்ந்தே வருகிறது. அது நியாயமான கேள்வியும்கூட.

57 வயதில் புதுப் பாடம்

1971-ல் பிரையன்ட் இரண்டு வேலை செய்தார். முதலாவது, மொபீல் நகரைச் சேர்ந்த ஜான் மிட்செல் என்ற கறுப்பின வீரரை, தெற்கு கலிஃபோர்னியாவுக்குப் போக இருந்த நேரத்தில் தன் பக்கம் இழுத்தார். அடுத்த ஆண்டே மிட்செல் அணியின் துணைக் கேப்டன்களில் ஒருவர். 1973-ல் உதவிப் பயிற்சியாளர்.

இரண்டாவது, ஆட்டமுறையையே தூக்கிப்போட்டார். டெக்சாஸ் அணியின் பயிற்சியாளர் டேரல் ராயலிடம் ‘விஷ்போன்’ என்ற முறையைக் கற்றுக்கொண்டார். கோழியின் கவட்டை எலும்பு மாதிரி மூன்று ஓட்டக்காரர்கள் பின்னால் நிற்பார்கள். பந்து யார் கைக்குப் போகும் என்று எதிரணிக்குக் கடைசி நொடி வரை தெரியாது.

கோடை முழுக்க இதை ரகசியமாகவே வைத்திருந்து, செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் தெற்கு கலிஃபோர்னியா முன்பு இறக்கினார். ரிசல்ட்? 17-10, அலபாமா வெற்றி!

அடுத்த 9 ஆண்டுகளில் 8 முறை லீக் பட்டம். 1973, 1978, 1979-ல் தேசியப் பட்டம். மொத்தம் 6. இதில் 1978 பட்டம் சர்ச்சைக்குரியது. அந்த சீசனில் அலபாமாவைத் தோற்கடித்த தெற்கு கலிஃபோர்னியாவுக்குப் பயிற்சியாளர்கள் ஓட்டு போட, பத்திரிகையாளர்கள் அலபாமாவுக்குப் போட்டார்கள்.

அப்புறம் ஏன் ஹாட்ரிக் கிடைக்கல?

ஜெயிக்கும் அணிக்கு எதிராக விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. 1973-ல் ஒரு ஃபுட்பால் அணி தரும் உதவித்தொகைக்கு 105 பேர் என்று வரம்பு வந்தது. 1978-ல் அது 95 ஆனது. பின்னாளில் 85. பெரிய அணியில் பெஞ்சில் உட்கார வேண்டிய திறமைசாலிகள், சின்ன அணிகளில் களமிறங்க ஆரம்பித்தார்கள். பெரிய அணிக்கும் சின்ன அணிக்கும் இருந்த இடைவெளி குறைந்தது. அந்தக் காலத்தில்தான் மிசிசிப்பி ஸ்டேட்டின் 6-3 வெற்றியும் வந்தது.

1981 நவம்பரில் ஆபர்ன் அணியை வீழ்த்தி 315-வது வெற்றியை எடுத்தார் பிரையன்ட். அன்றைய கணக்கில் பெரிய கல்லூரிகளின் ஃபுட்பாலில் அதுவே அதிகபட்சம். 1982 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். டிசம்பர் 29 அன்று இல்லினாய் அணியை 21-15 என்று வென்றது கடைசி ஆட்டம், 323-வது வெற்றி.

அதிலிருந்து சரியாக 28 நாள். 1983 ஜனவரி 26 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 69. டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்காம் கல்லறை வரை நெடுஞ்சாலை ஓரமும் மேம்பாலங்களும் மக்களால் நிரம்பின.

அவருக்குப் பிறகு?

அலபாமாவுக்கு அடுத்த தேசியப் பட்டம் 1992-ல்தான் கிடைத்தது. அதற்குப் பின் மறுபடியும் நீண்ட காத்திருப்பு. 2007-ல் நிக் சேபன் வந்து, 2009 முதல் 2020 வரை அலபாமாவுக்கு 6 பட்டங்கள் வாங்கித் தந்தார். அவரும் 2011, 2012 என இரண்டு வென்று மூன்றாவதைக் கோட்டைவிட்டார்.

2021, 2022-ல் வென்ற ஜார்ஜியாவுக்கும் இதே கதி. 29 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்த அந்த அணியை 2023 டிசம்பரில் 27-24 என்று நிறுத்தியது வேறு யாரும் இல்லை, சேபனின் அலபாமா. அடுத்த மாதமே சேபன் ஓய்வு பெற்றார். பத்திரிகையாளர் வாக்கெடுப்பு 1936-ல் தொடங்கியதிலிருந்து அவர்கள் கொடுக்கும் பட்டத்தை அந்த அணிகள் எதுவும் மூன்று முறை தொடர்ந்து வென்றதில்லை.

இப்போது வீரர்கள் அணி மாறுவது எளிது. கல்லூரியில் இருக்கும்போதே சம்பாதிக்கலாம். 2024 முதல் 12 அணிகள் மோதும் நாக்-அவுட் வேறு. ஆக, ஒரே அணி கொடி நாட்டுவது பிரையன்ட் காலத்தை விடக் கஷ்டம்.

பிரையன்ட் 25 ஆண்டுகள் அலபாமாவில் இருந்தும் தொடர்ந்து ஜெயிக்கவில்லை. 1960-களில் ஜெயித்தார், விழுந்தார், 1970-களில் மீண்டும் எழுந்தார். விழுந்தது பழைய முறையையும் பழைய வேலியையும் கட்டிக்கொண்டு இருந்தபோது. எழுந்தது இரண்டையும் விட்டபோது. அந்த வேலியை இன்னும் சில ஆண்டுகள் முன்பே எடுத்திருந்தால் 1966 ஓட்டு எப்படிப் போயிருக்கும் என்பது, அலபாமா ரசிகர்களிடம் இன்றும் கேட்கக்கூடாத கேள்வி!