சம்பளம் ஏறுச்சு, செலவு ஏறல: ஜான் வெஸ்லியின் 28 பவுண்டு கணக்கு

இன்கிரிமென்ட் வந்தா செலவும் கூடும், இல்லையா? இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு (1703-1791) அப்படி நடக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்து, 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. செலவு? அதே 28தான்! நான்காவது ஆண்டு 120 வர, 92 தானமாகப் போனது. பிரசங்கத்தில் இதை யாரோ ஒரு இளைஞரின் கதை போலத்தான் சொன்னார்.

கஞ்சத்தனம் இல்லை இது. பணம் கடவுளுடையது, தான் வெறும் உக்கிராணக்காரன், அதாவது கணக்கு ஒப்புவிக்க வேண்டிய ஆள் என்று நம்பினார்.

பிறகு புத்தக விற்பனையில் நல்ல வருமானம். 1776-ல் வரி அதிகாரிகளுக்கு சந்தேகம்: வெள்ளிப் பாத்திரங்களை மறைக்கிறாரோ? லண்டனில் 2, பிரிஸ்டலில் 2 என 4 வெள்ளி ஸ்பூன்தான் இருக்கு, சுற்றிலும் பலர் பசியோடு இருக்கையில் இனி வாங்கப்போவதும் இல்லை என்று பதில் எழுதி அனுப்பினார் வெஸ்லி.