மானிப்பாய்க்கு வந்த வூஸ்டர் டொக்டர்

போன மாரியில் புரோசார்டில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மம்மாவும் பேரனும். நாரி உளையுது, கால் விறைச்சுப் போகுது எண்டு அம்மம்மா சொல்கிறா. பேரன் அதைப் பிரெஞ்சில் தாதிக்குச் சொல்லும்போது வெறும் முதுகுவலி ஆகிவிட்டது. கால் விறைப்பு நடுவழியில் காணாமல் போய்விட்டது. அவனிலும் பிழையில்லை, இங்கே பிறந்த பிள்ளை.

அப்போது ஞாபகத்துக்கு வந்தவர் ஒரு அமெரிக்கர், டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாய்ப் பக்கத்து ஆட்களுக்குக் கிறீன் ஆஸ்பத்திரியைத் தெரியும். ஆளைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

1822இல் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். இங்கிருந்து காரில் ஐந்தாறு மணித்தியால ஓட்டம்தான். வைத்தியம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. பூட்டன் தோமஸ் கிறீன் வைத்தியரும் பிரசங்கியும். பேரன் ஜோன் கிறீன் அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் வூஸ்டரில் பேரெடுத்த வைத்தியர், சுதந்திரத்தின் பக்கம் நின்றவர். ஆனால் அவருடைய மாமனார் திமோதி ரக்கிள்ஸ் பிரித்தானிய அரசருக்கு விசுவாசி. சொத்தெல்லாம் பறிபோய், கடைசியில் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து சேர்ந்தார். சண்டையில் நாடிழந்து கனடாவுக்கு வருவது நாங்கள் தொடக்கிவைத்த கதையில்லை!

சாமுவேல் 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847 ஒக்டோபரில் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருஷமே மானிப்பாய். அந்த ஊரில் இருந்து நோயாளிகளைப் பார்த்தார், உள்ளூர்ப் பெடியளைச் சேர்த்து மருத்துவமும் படிப்பித்தார். வாந்திபேதி ஊர் ஊராய்ச் சனத்தை அள்ளிக்கொண்டு போன காலம் அது.

தொடக்கத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. 1857இல் ஊர் திரும்பி, 1862இல் கலியாணம் முடித்து மனைவியோடு மறுபடி வந்தவர், பிறகு வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். காரணம் எளிமையானது. ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடித் தூர இடத்துக்குப் போய்விடுவான். தமிழில் படித்தவன் கிராமத்திலேயே சனத்தோடு இருப்பான். மாணவர்கள் வெள்ளைக்காரர் மாதிரி உடுத்தித் திரிவதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் புத்தகம் எங்கே? அதையும் அவரே உண்டாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று ஒவ்வொன்றாக வந்தன. சாப்மன், டான்போர்த் போன்ற மாணவர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள். (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருவரும் எங்கட ஆட்கள்தான்.) கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. கெமிஸ்தம் அப்படி வந்ததுதான். இன்றைக்கும் இணையத்தில் கலைச்சொல் சண்டை பிடிக்கிறோம். அவர் அந்த வேலையைச் செய்து அச்சிலேயே ஏற்றிவிட்டார்.

ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை. அவர் வந்தது மதம் பரப்பத்தான். ஆஸ்பத்திரியும் அதற்கு ஒரு வாசல். அவர் மானிப்பாய்க்குப் போன அதே 1848இல்தான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலரின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கிய கணக்கைச் சைவர்களும் தள்ளிவைக்க முடியாது.

1873இல் உடம்பு ஏலாமல் யாழ்ப்பாணத்தை விட்டார். கொழும்பில் 1870இலேயே ஆங்கில மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தது. காற்று அந்தப் பக்கம் வீசத் தொடங்க, தமிழில் டொக்டர் ஆகும் வழி மெல்ல அடைபட்டது. எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இது.

கிறீன் அதோடு விட்டுவிடவில்லை. வூஸ்டர் குளிரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைப் பார்த்துத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த மே மாதம் காலமானார். குடும்பக் காணி இப்போது கிறீன் ஹில் என்ற நகரப் பூங்கா. அதே ஊரின் மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பெயர், பிறந்த இறந்த வருஷங்கள், அதன் கீழே அவர் தமிழரின் வைத்தியர், தமிழருக்கு நற்செய்தி சொன்னவர் என்ற பொருளில் ஒரு வரி.

கோடையில் எல்லை தாண்டி அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருக்கால் இறங்கிப் பாருங்கள்.